தேசிங்கு ராஜனும் ‘உங்கள் நவாபு’ம்

ஆர்.கே.பேட்டையில் நாம் குடியிருக்கும் தெருவில் விசைத்தறிகள் நின்றால்தான் மனிதர் குரல் காதில் விழும். மின்சாரம் தடைப்பட்டிருந்த ஒரு பிற்பகலில் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து நெசவாளப் பெரியவர் ஒருவர் நம்மை அழைத்தார். எழுபதைக் கடந்தவர்; நம் தந்தையாரின் தோழர். ரமலான் மாதத்தில் நம் இல்லத்திலிருந்து ஒரு தூக்குக் கஞ்சி போய்ச் சேரவில்லையென்றால், ‘என்மேல் என்ன வருத்தம்?’ என்று ஆள் விட்டுக் கேட்கிறவர். அவர் கையில் பேரனுடைய கைப்பேசி இருந்தது.

“பாய், இதைக் கொஞ்சம் பாருங்க. உங்க நவாபு எங்க தேசிங்கு ராஜாவை மதம் மாறச் சொல்லிக் கொன்னுட்டாருன்னு போட்டிருக்கான். சின்னப் புள்ளையிலேருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான். அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதே இல்லையே?”

பெரியவர் பழி சொல்லவில்லை, ஐயம் கேட்டார். ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த ‘உங்க நவாபு’, ‘எங்க ராஜா’ என்ற இரண்டு சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கத்தில் அவர் இப்படிப் பிரித்துப் பேசி நாம் கேட்டதில்லை. அன்றிரவு உணவு வேளையில் இதனை வீட்டில் சொன்னபோது, கல்லூரியில் பயிலும் நம் தம்பி மகன் தலை நிமிர்ந்து, “ஆமாம் பெரியத்தா, நம்ம நவாபுதான். எண்ணூறு வருஷம் நாமதானே ஆண்டோம்? அதுக்கு ஏன் வெட்கப்படணும்?” என்றான். எதிர்வீட்டில் ஒரு கட்டுக்கதை குடியேறிவிட்டது என்று நாம் வருந்திக்கொண்டிருக்க, அதன் உடன்பிறப்பு நம் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்தது!

ஆகவே, தேசிங்கு ராஜன் கதையை மீண்டும் ஒருமுறை கருத்தூன்றிப் படித்தோம். ‘பெரிய எழுத்து’ப் பதிப்பாகத் திருவிழாக் கடைகளில் விற்ற அந்த நூல் நம் தலைமுறையினர் பலருடைய வீடுகளில் இருந்தது. 1960ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமும் வந்தது. இன்னார் பாடினார் என்று உறுதி சொல்ல இயலாத அந்தக் கதைப்பாடலைப் புலவர் உலகம் நெடுங்காலம் இலக்கியமாக மதிக்கவில்லை. மதிக்காதது பிழை என்பதே நம் கருத்து. யாப்பு தளர்ந்திருக்கலாம், வந்த வரியே மீண்டும் மீண்டும் வரலாம். உடுக்கையோடு பாடக் கேட்ட ஒரு கூட்டத்துக்கு அந்த மீள்வரவு சலிப்பன்று. பிடித்து நடக்கும் கைக்கயிறு.

கதை என்ன? டில்லி பாதுஷாவிடம் எவராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று வந்து சேர்கிறது. அதனை அடக்க மாட்டாமல் தேசிங்கின் தந்தை சிறைப்படுகிறார். சிறுவன் தேசிங்கு டில்லி சென்று அக்குதிரையின்மீது ஏறி வென்று, தந்தையை மீட்டு, பாதுஷாவின் பாராட்டையும் பெண்ணையும் குதிரையையும் பெற்றுச் செஞ்சி திரும்புகிறான். குதிரையின் பெயர் பாராசாரி. அவனுடைய உயிர்த்தோழன் மகமத்கான். பாமர மக்கள் நாவில் அவன் ‘மோவுத்துக்காரன்’. அவன் குதிரை நீலவேணி. ஆற்காட்டு நவாபு கப்பம் கேட்கிறார், தேசிங்கு மறுக்கிறான், போர் மூள்கிறது. மணப்பந்தலில் இருக்கும் மகமத்கானுக்கு ஓலை போகிறது. மணமாலையோடு எழுந்து நீலவேணிமீது ஏறி வந்து, தோழனுக்காகப் பொருது மாள்கிறான். தேசிங்கும் மாள்கிறான். அரசி தீப்பாய்கிறாள்.

இக்கதையில் மதம் மாறச் சொல்லும் காட்சி எங்கே இருக்கிறது? நாம் தேடிப் பார்த்த அளவில் இல்லை. பூசல் கப்பத்தைப் பற்றியது. இதைவிட வியப்புக்குரியது ஒன்று உண்டு: தேசிங்கை வீரன் என்று உலகம் அறியச் செய்வதே டில்லி பாதுஷாவின் குதிரைதான். நாட்டுப் பாடகன் தன் நாயகனுக்குப் பெருமை தேட வேண்டி, அவனை ஒரு முஸ்லிம் பேரரசனின் அவைக்கு அனுப்பி, அங்கே மெச்சப்பட்டவனாகத் திருப்பி அழைத்து வருகிறான். நாயகன் சார்பில் முதலில் உயிர் விடும் பெருவீரனும் முஸ்லிம். எதிரியும் முஸ்லிம். மதக் கணக்குப் போட விரும்புகிறவர் இந்தக் கதைக்குள் நுழைந்தால், எந்தப் பக்கத்தில் எதைக் கூட்டுவது என்று திகைத்துப் போவார்.

பாடகனின் நுண்மை தெரியும் இடம் மற்றொன்று. செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில் பள்ளிகொண்ட அரங்கநாதர், தேசிங்கின் வழிபடு கடவுள். போருக்கு விடை கேட்டு அவன் நிற்கையில் அவர் விடை தராது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. அத்திருமேனியின் தலை திரும்பியிருப்பதற்கு ஊரார் இன்றும் இதனையே காரணமாகச் சொல்கின்றனர். வணங்கிய தெய்வமே வேண்டாம் என்றும் கேளாமல் போனவன் தேசிங்கு. அதாவது, பாடகனின் நோக்கில் அவன் அழிவுக்கு முதற்காரணம் நவாபின் கொடுமை ஆகாது; இளைஞனின் பிடிவாதமே. அதனால்தான் கேட்பவர் நெஞ்சில் சினம் எழாமல் துயரம் எழுகிறது. நம் பெரியவர் விடிய விடிய அழுதிருக்கிறார். ஒரு நாளும் நவாபின்மேல் பல்லைக் கடித்ததில்லை. கைப்பேசிச் செய்தி அழுகையைக் களைந்துவிட்டுச் சினத்தை வைக்கிறது. கதையைக் கெடுத்தவர்கள் முதலில் அதன் இலக்கியத்தைக் கெடுத்தார்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இனி வரலாற்றைப் பார்ப்போம். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய சி.எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியையும் அதன் ஆட்சியாளரையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1943இல் வெளியாயிற்று. அது காட்டும் தேசிங்கு தமிழரசன் அல்லன். புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரர், தேஜ்சிங். செஞ்சிக் கோட்டை 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. பல்லாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கானிடம் வீழ்ந்தது. முற்றுகையிட்ட முகலாயப் படையிலேயே தல்பத்ராவ் முதலிய புந்தேலர்கள் இருந்தனர். வென்ற கோட்டையைக் காக்கும் பொறுப்பு 1700ஐ ஒட்டி சரூப்சிங் என்ற புந்தேலருக்கு வழங்கப்பட்டது. வழங்கிய பேரரசர் யார்? ஔரங்கசீப். இந்தப் பெயர் இன்றைய மேடைகளில் என்ன பாடு படுகிறது என்பது நேயர்கள் அறிந்ததே. தேசிங்கின் குடும்பம் செஞ்சிக்கு வந்து சேர்ந்ததே அவருடைய ஆணையால் என்று அந்த மேடைகளில் எவரும் சொல்வதில்லை.

சரூப்சிங் 1714இல் இறந்தார். செலுத்த வேண்டிய வரி நிலுவையில் இருந்தது. மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து கோட்டைப் பொறுப்பை ஏற்றார். ஔரங்கசீப் மறைந்து ஏழாண்டு கழிந்திருந்தது, டில்லியில் பரூக்சியர். பழைய ஆணை போதும் என்றார் இளைஞர். புதிய ஒப்புதல் வேண்டும், நிலுவையும் வேண்டும் என்றார் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான். நவாபின் வருவாய்த் துறையில் பெரும்பொறுப்பு வகித்துச் செஞ்சிக்கு அனுப்பப்பட்டவர் தோடர்மால் என்ற இந்து. பேச்சு முறிந்தது. 1714 அக்டோபரில் நிகழ்ந்த போரில், சிறு குதிரைப்படையோடு பெரும்படையை எதிர்த்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தேஜ்சிங் மாண்டார். அவர் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட நிரம்பவில்லை. அந்தச் சில மாதங்களை முந்நூறாண்டு நினைவாக்கியவன் பெயர் தெரியாத அந்தப் பாடகன்.

வரி நிலுவையும் அதிகாரப் பத்திரமும் ஒரு மன்னனின் சாவுக்குக் காரணமென்றால் கேட்கச் சுவையாக இராதுதான். இந்நாளிலும் ஆட்சிகளுக்கிடையே நடக்கும் பூசல்களில் பாதி, பணத்தை யார் வசூலிப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியவையே. ஆனால் மேடையில் அப்படிப் பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்று அரசியல்வாதிக்குத் தெரியும். அவர் வேறு பாட்டை எடுக்கிறார்.

‘உங்க நவாபு’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆற்காட்டு நவாபு என்று ஒருவர் இருந்தார், அவர் வழியினரே இன்றும் சென்னையில் இருக்கின்றனர் என்று படித்தவர்களும் எண்ணுகின்றனர். சாதத்துல்லாகான் நவாயத் மரபினர். 1710 முதல் 1732இல் இறக்கும் வரை ஆண்டவர். அம்மரபின் ஆட்சி 1744இல் ஒரு சிறுவனின் கொலையோடு முடிந்தது. பின்னர் வந்த அன்வருத்தீன்கான், அவர் மகன் முகமது அலி வாலாஜா ஆகியோர் வேறு குடும்பம். அமீர் மகாலில் வாழ்ந்துவரும் குடும்பம் வாலாஜா வழியினது. ஆகத் தேசிங்கின் சாவுக்கு அவர்களையும் பொறுப்பாக்க இயலாது, ஆர்.கே.பேட்டையில் கைலி வாணிபம் செய்யும் நம்மையோ எவ்வாறு பொறுப்பாக்குவது?

நம் பகுதியிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. அப்போது ஆங்கிலேயர் எவருடைய நண்பர்கள்? நவாபு முகமது அலி வாலாஜாவின் நண்பர்கள். ஹைதரும் முஸ்லிம், வாலாஜாவும் முஸ்லிம். இடையில் தீய்ந்த வயல்களுக்கு உரிய உழவர் எந்த மதத்தவராயினும் பட்டினி ஒன்றே.

இராணிப்பேட்டையைப் பற்றியும் ஒரு சொல். தீப்பாய்ந்த தேசிங்கின் மனைவி நினைவாக நவாபு எழுப்பிய ஊர் அது என்பது வழிவழிச் செய்தி. 2019இல் அது தனி மாவட்டமான பின்பு இச்செய்தி மேலும் பரவியது. நம்மவரும், ‘பார்த்தீர்களா, எதிரியின் மனைவிக்கும் ஊர் கட்டிய பெருந்தகை நம் நவாபு!’ என்று பூரிக்கின்றனர். பல ஏடுகளில் ஊர் கட்டிய ஆண்டு 1771 என்று அச்சாகியிருக்கிறது. கட்டியவர் சாதத்துல்லாகான் என்றும் அதே வரியில் இருக்கிறது. 1732இல் இறந்தவர் 1771இல் ஊர் கட்டியிருக்கிறார்! ஒன்று ஆண்டு பிழை, அல்லது ஆள் பிழை. இருப்பினும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போகின்றனர். நபிமொழிகளைத் திரட்டிய இமாம்கள், ஒரு செய்தியை யார் யாரிடம் கேட்டார், அவர் எப்போது வாழ்ந்தார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவி ஆராய்ந்தனர். அந்த மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாம், நமக்கு இனிப்பான செய்தி என்றால் இறந்தவர் ஊர் கட்டியதையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

ஊர் கட்டியது உண்மையாகவே இருப்பினும், அதில் பூரிக்க என்ன இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. ஓர் இளம்பெண் உயிரோடு எரிந்தாள். பாடகன் அதனைக் கற்பின் சிகரமாக்குகிறான். நவாபு அதற்கு ஊர் வைத்தார் என்று நாம் மகிழ்கிறோம். கதை முழுதும் அவளுக்குத் திரைக்குப் பின்னால்தான் இடம். கணவனின் முகத்தை அவள் கண்டதே அவன் போருக்குப் புறப்பட்ட நாளில்தான் என்று பாடுவார்கள். இன்னொருத்தியும் இருக்கிறாள்: மகமத்கானின் மணப்பெண். தோழனுக்காகப் பந்தலைவிட்டு எழுந்த மணமகனை எல்லாரும் போற்றுகின்றனர். பந்தலில் எஞ்சிய அந்தப் பெண் அதன்பின் என்ன ஆனாள்? நாம் பார்த்த கூத்துகளில் எவரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய நட்புக் காவியத்தில் நமக்கு நெருடுகிற இடம் இதுவே. நம் இல்லத்தரசியிடம் இதைச் சொன்னபோது, “இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை வயசாச்சா?” என்று கேட்டார்.

மகமத்கானைப் பற்றியும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. நல்லிணக்க மேடைகளில் அவன் பெயர் தவறாது வருகிறது. நீலாம்பூண்டியில் அவனது அடக்கத்தலமும் குதிரையின் சமாதியும் இருப்பதை எடுத்துச் சொல்வார்கள். கைதட்டல் எழும். ஆனால் அந்தப் புகழுரைகளைக் கூர்ந்து கேட்டால், நல்ல முஸ்லிம் என்பவன் அரசனுக்காகச் செத்தவன் என்ற குரல் உள்ளே ஒலிப்பது கேட்கும். கதையின் மகமத்கான் அப்படிப்பட்டவன் அல்லன். அவன் தன் பற்றை எவருக்கும் மெய்ப்பிக்க வரவில்லை. மெய்ப்பிக்கும்படி தேசிங்கும் கேட்கவில்லை. கூப்பிட்டவன் தோழன் என்பதால் வந்தான். அதற்குமேல் விளக்கம் கதையில் இல்லை, வேண்டியதும் இல்லை. எதிர்வீட்டுக்குக் கஞ்சி போவது எதையும் மெய்ப்பிப்பதற்காகவா?

செஞ்சிக் கோட்டையைப் பற்றிய அண்மைப் பூசலையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் போர்க் கோட்டைகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. உடனே, அது மராட்டியர் கோட்டையா, கோன்களின் கோட்டையா என்ற வாக்குவாதம் கிளம்பியது. அக்கோட்டையை ஆனந்தக் கோன் மரபினர் தொடங்கியதாகச் சொல்கின்றனர், நாயக்கர் விரித்தனர், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது, மராட்டியர், முகலாயர், புந்தேலர், நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறியது. உள்ளே வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது; சாதத்துல்லாகானின் பள்ளிவாசலும் இருக்கிறது. அக்கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குப் போயின; கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர். இதைப் பற்றிக் கைப்பேசியில் எவரும் கொதிப்பதாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு இங்கே வாக்குரிமை இல்லை அல்லவா!

தம்பி மகனுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. எண்ணூறு ஆண்டு ‘நாம்’ ஆண்டோமாம். அவனை அருகில் அமர்த்தி, நம் குடும்பத்தில் நினைவுக்கு எட்டியவரை யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டோம். அவன் பாட்டனார் தலைச்சுமையாகக் கைலி விற்றார். அவருடைய தந்தையார் வாரச் சந்தையில் தோல் வாங்கி வாலாஜாவுக்கு வண்டியில் அனுப்பினார். அவருக்கு முந்தியவர் வெற்றிலைக் கொடிக்கால் கூலி. “இதில் அரியணை எங்கே தம்பி?” என்றோம். அவன் சிரித்துவிட்டான். நவாபின் ஆட்சியில் நம் முன்னோரும் நெசவாளப் பெரியவரின் முன்னோரும் ஒரே வரிசையில் நின்று வரி கட்டியவர்களே. ஆண்டவர்களின் பழியை நம் தலையில் ஏற்றுவது அநீதி என்று முறையிடுகிற நாம், அவர்களுடைய புகழை மட்டும் மரபுரிமையாகக் கேட்பது எந்த நியாயம்? புகழுக்குப் பங்கு கேட்டால் பழிக்கும் பங்கு வந்து சேரும்.

‘எங்கள்’, ‘உங்கள்’ என்பதெல்லாம் எவ்வளவு புதியவை என்பதற்கு நம் ஊரே சாட்சி. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப்பெயரைச் சுருக்கி ஆர்.கே.பேட்டை என்கிறோம். திருத்தணி வட்டாரம் வட ஆற்காட்டில் இருந்தது; 1911இல் புதிய சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று; மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரத்தில் தங்கிற்று; போராட்டங்களுக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. நம் பெரியவர் ஆந்திரத்தில் பிறந்து, பால்யத்திலேயே வீட்டைவிட்டு நகராமல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். தறியில் நூல் அறுந்தால் இன்றும் தெலுங்கில்தான் வைகிறார்.

மறுநாள் அவரிடம் சென்று, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். பொறுமையோடு கேட்டார். தேசிங்கு தமிழரசன் அல்லன் என்றபோதுதான் முகம் வாடிற்று. “அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் பாய்” என்றார். பிறகு, “கப்பச் சண்டைதான். நான் அப்பவே சொன்னேன், பையன் கேக்கல” என்று பேரனைக் கூப்பிட்டார். அவன் வரவில்லை, மின்சாரம் வந்துவிட்டது, தறி ஓடத் தொடங்கிவிட்டது.

சித்திரையில் பக்கத்து ஊரில் தேசிங்கு கூத்து வைத்தார்கள். பெரியவர் நம்மையும் அழைத்துச் சென்றார். மகமத்கான் வேடம் கட்டியவர் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிற இளைஞர். மாலையில் ஒப்பனைக் கொட்டகைக்கு நம்மைக் கூப்பிட்டு அனுப்பினார். போருக்குப் போகுமுன் மகமத்கான் தொழுவதாக ஒரு காட்சியை வாத்தியார் சேர்த்திருக்கிறாராம். கையை எங்கே கட்டுவது, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று கேட்டார். காட்டிக் கொடுத்தோம். நள்ளிரவில் அந்தக் காட்சி வந்தபோது அவர் கையைச் சரியாகத்தான் கட்டினார். மேடை அமைந்திருந்த திசையினால் கிழக்கு நோக்கி நின்றார். பெரியவர் நம் தொடையில் தட்டி, “சரியா செய்றானா பாய்?” என்று கேட்டார். “சரிதான் ஐயா” என்றோம்.